தண்டனைக்குப் பிறகு என்ன? சீர்திருத்தப் பணிப் படிப்பு, புதிதாக வருபவர்களுக்கு

சிறைக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஒருநாள் வெளியே வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மரண தண்டனை 1995-ல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்போடு போய்விட்டது. ஆயுள் தண்டனை பெற்றவர்களுக்குக்கூடப் பரோல் கேட்க ஒரு காலம் வரும். ஆகவே நம் தெருவில் வீடு உடைத்துத் திருடியவன், சில வருடங்களில் அதே தெருவுக்கு, அதே டாக்சி ரேங்குக்கு, அதே கோயில் வாசலுக்குத் திரும்பி வரத்தான் போகிறான். எப்படிப்பட்ட ஆளாகத் திரும்புவான் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைப் பொறுப்போடு கையில் எடுக்கும் துறைக்குச் சீர்திருத்தப் பணி என்று பெயர்.

குற்றவியல் நீதி அமைப்பை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள்: போலீஸ், நீதிமன்றம், சீர்திருத்தம். முதல் இரண்டும் நமக்கு நன்றாகப் பழக்கம். செய்தியிலும் சீரியலிலும் பார்ப்பது அவற்றைத்தான். நீதிபதி "நான்கு வருடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனதும் நம் கவனமும் எழுந்து போய்விடுகிறது. மூன்றாவது பகுதி அங்கேதான் தொடங்குகிறது. சிறைக்குள் பாதுகாப்பு, சாப்பாடு, மருத்துவம், வேலை, படிப்பு, மனநல உதவி, பரோல், வெளியே வந்தபின் கண்காணிப்பு, சிறைக்கே அனுப்பாமல் ஊருக்குள் வைத்தே நிறைவேற்றும் தண்டனை, எல்லாம் இதில் வரும்.

இதை வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் பட்டமாகப் படிக்கலாம். டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்கள், மெட்ரிக் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகள், செக்யூரிட்டி வேலையில் இருந்துகொண்டு அடுத்த படிக்குப் போக விரும்புகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பாடத்தின் அடிப்படைக் கருத்துகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கே படிப்பது, என்ன வேலை கிடைக்கும் என்பதெல்லாம் அப்புறம் வரும். கருத்து பிடிபடாமல் கட்டணம் கட்டினால் பாதியில் நிற்க வேண்டியிருக்கும்.

நமக்கும் சிறைக்கும் உள்ள பழைய உறவு

சிறை என்றாலே "நமக்கு எதற்கு அந்தப் பேச்சு" என்று நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் சிறைக்குப் பெரிய இடம் உண்டு. ஜொகானஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை பதின்ம வயதிலேயே மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல் அனுபவித்தார். அங்கே வந்த காய்ச்சலோடு வெளியே வந்து, சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவருக்கு முன்பே, 1909 ஜூலையில், சத்தியாகிரகி நாகப்பன் சிறை முகாமின் குளிரிலும் வேலையிலும் உடல் கெட்டு, விடுதலையான கையோடு உயிரை விட்டார். காந்தியோடு சத்தியாகிரகம் நடத்திய தம்பி நாயுடு என்பவரின் பேரன் இந்திரஸ் நாயுடு 1963 முதல் 1973 வரை ராபன் தீவில் கைதியாக இருந்தார்.

இவர்களெல்லாம் குற்றவாளிகள் இல்லையே என்பீர்கள். சரிதான். ஆனால் உள்ளே அவர்களுக்கு நடந்தது, அந்தக் காலச் சிறை தன் வேலை என்று எதை நினைத்தது என்பதைக் காட்டுகிறது: அடைத்து வை, வேலை வாங்கு, அடக்கு. 1959-ன் சிறைச் சட்டமும் அந்த வழியில்தான் வந்தது. சிறைக்குள் என்ன நடக்கிறது என்று பத்திரிகைகள் எழுதுவதையே அது கடினமாக்கி வைத்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் துறையின் பெயர் சீர்திருத்தச் சேவைத் துறை என்று மாறியது. 1996-ல் ராணுவ பாணி பதவிகளும் சல்யூட்டும் எடுக்கப்பட்டன. அப்புறம்தான் இன்று நடைமுறையில் உள்ள 1998-ன் 111-ஆம் எண் சட்டம், சீர்திருத்தச் சேவைகள் சட்டம், வந்தது.

அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவை இந்தப் பாடத்தின் இதயம் என்றே சொல்வேன். சிறைத் தண்டனையை நிறைவேற்றுவதன் நோக்கம் என்ன என்பதை அது சொல்கிறது: தண்டனை பெற்றவர் இனிமேல் சமூகப் பொறுப்போடும் குற்றமில்லாமலும் வாழ வழி செய்வது. பழிவாங்குவது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. சுதந்திரத்தை இழப்பதுதான் தண்டனை; அதற்குமேல் உள்ளே வைத்து இன்னொரு தண்டனை கொடுக்கக் கூடாது என்பது இந்தச் சிந்தனையின் அடித்தளம். அரசியலமைப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவும் கைதிக்கு மனித கண்ணியம், உடற்பயிற்சி, இடவசதி, உணவு, படிக்க ஏதாவது, மருத்துவம் ஆகியவற்றை உரிமையாகவே தருகிறது. ஐ.நா. 1955-ல் வகுத்த கைதிகள் நடத்தை விதிகளை 2015-ல் திருத்தி எழுதியபோது, அவற்றுக்கு நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயர் வைத்தார்கள். மொத்தம் 122 விதிகள். தொடர்ந்து 15 நாளுக்குமேல் ஒருவரைத் தனிமைச் சிறையில் வைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம்

கருத்துகள் புரிய, ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். சாட்ஸ்வொர்த்தில் 22 வயதுப் பையன். பள்ளியைப் பாதியில் விட்டவன். அங்கே எல்லாருக்கும் தெரிந்த "சுகர்ஸ்", ஹெராயின் கலந்த அந்தப் பொடி, அவனையும் பிடித்துக்கொண்டது. காசுக்காக முதலில் ஆயாவின் வளையல் போனது, அப்புறம் பக்கத்து வீட்டு டிவி. கடைசியில் வீடு உடைத்துத் திருடிய வழக்கில் நான்கு வருடம்.

உள்ளே போன உடனே அவனை மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டத்தின் 38-ஆம் பிரிவு. எந்த அளவு காவல் தேவை, உடல்நலம் எப்படி, படிப்பு எவ்வளவு, குடும்பம் எப்படி, மனநிலை எப்படி, வெளியே போகும்போது என்ன உதவி வேண்டும் என்றெல்லாம் பார்த்து, அவனுடைய தண்டனைக் காலத்துக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். எழுதும்போது எதை அடிப்படையாக வைப்பது? இங்கேதான் பாடப்புத்தகம் உதவிக்கு வருகிறது.

கனடாவின் உளவியலாளர்கள் டான் ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் பொன்டா போன்றவர்கள் 1990 வாக்கில் உருவாக்கிய ஒரு முறையை இந்தத் துறையில் படிக்கும் யாரும் தவிர்க்க முடியாது. மூன்று கேள்விகள்தான் அதில் இருக்கின்றன. இவன் மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து எவ்வளவு? அந்த ஆபத்துக்குக் காரணமான, மாற்றக்கூடிய தேவைகள் எவை? எந்த விதத்தில் சொல்லிக் கொடுத்தால் இவனுக்கு ஏறும்?

முதல் கேள்விக்குப் பின்னால் பலர் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஆபத்து குறைந்தவரைக் கொண்டுபோய்த் தீவிரமான பயிற்சி வகுப்புகளில் போட்டால் அவர் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். காய்ச்சல் இல்லாதவனைக் காய்ச்சல் வார்டில் படுக்க வைத்த கதைதான். அதுவரை சந்திக்காத ஆட்களோடு பழக்கமாகிறது. வேலையும் குடும்பமும் கைவிட்டுப் போகின்றன. ஆகவே தீவிரமான உதவியை ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். "ரொம்ப மோசமானவனுக்கு ஏன் இவ்வளவு செலவு, திருந்தக்கூடியவனுக்குச் செய்யலாமே" என்று நம் மனசு சொல்லும். ஆய்வு அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. இந்த ஒரு கருத்தை உள்வாங்கினாலே பாதிப் பாடம் வந்துவிட்டது என்பேன்.

இரண்டாவது, தேவைகள். குற்றத்துக்கு இட்டுச் செல்லும் காரணிகளாக எட்டைச் சொல்வார்கள். பழைய குற்றங்களின் வரலாறு ஒன்று. அதை யாரும் மாற்ற முடியாது. மற்றவற்றில் கை வைக்க இடம் இருக்கிறது: குற்றத்தை நியாயப்படுத்தும் எண்ணங்கள், முன்கோபமும் பொறுமையின்மையும் கலந்த குணப் போக்கு, கூட்டாளிகள், குடும்ப உறவு, படிப்பும் வேலையும், ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறான் என்பது, போதை. நம் பையனைப் பாருங்கள். போதை, கூட்டாளிகள், வேலையின்மை மூன்றும் பளிச்சென்று தெரிகின்றன. "தன்னம்பிக்கை வளர்க்கும் வகுப்பு" என்று ஒன்றில் மட்டும் அவனை உட்கார வைத்தால் அவன் இன்னும் தன்னம்பிக்கையோடு திருடுவான் என்று இந்தத் துறையில் உள்ளவர்கள் சொல்வது சும்மா இல்லை. எதைத் தொட்டால் குற்றம் குறையுமோ அதைத் தொட வேண்டும்.

மூன்றாவது, ஏற்கும் விதம். அவனுக்கு எழுத்து சரியாக வராது என்றால், பக்கம் பக்கமாகத் தாள்களைக் கொடுத்துப் பயனில்லை. நடித்துக் காட்டி, பேச வைத்து, சின்னச் சின்னப் பயிற்சியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "கூட்டாளி வாசலில் வந்து நிற்கிறான், நீ என்ன சொல்வாய்?" என்று கேட்டு, அவனை எழுந்து நிற்க வைத்து, பதிலைச் சொல்ல வைத்து, மறுபடி சொல்ல வைப்பது. நினைப்பை மாற்றினால் நடத்தை மாறும் என்ற உளவியல் முறையில் நடத்தும் இப்படிப்பட்ட வகுப்புகளுக்குத்தான் இதுவரை நல்ல ஆதாரம் சேர்ந்திருக்கிறது.

இந்த ஆதாரப் பேச்சு சும்மா வந்துவிடவில்லை. 1974-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன், 231 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, சிறைகளில் நடக்கும் மறுவாழ்வுத் திட்டங்கள் குறிப்பிடும்படி எதையும் சாதிக்கவில்லை என்று எழுதினார். "எதுவும் பலிக்காது" என்று அது ஊரெல்லாம் பரவியது. அரசியல்வாதிகளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. திட்டங்களுக்குப் பணம் குறைந்தது, தண்டனைகள் நீண்டன. 1979-ல் அவரே தன் முடிவைத் திருத்திக்கொண்டு, சில திட்டங்கள் பலிக்கின்றன என்று எழுதினார். அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எது, யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் பலிக்கிறது என்று கேட்கும் இன்றைய துறை அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்ததுதான்.

அதே காலத்தில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஒரு திட்டம் நடந்தது. வழிதவறும் பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் கத்த வைத்துப் பயமுறுத்துவது. எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. பிறகு இந்த வகைத் திட்டங்களை முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, அப்படிப் போய்வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தது தெரிந்தது. நம் பக்கத்திலும் "ஒருநாள் வெஸ்ட்வில் சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் தானாகப் புத்தி வரும்" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்தப் படிப்பு படித்தவர் ஒருவர் பள்ளிக் குழுவில் உட்கார்ந்திருந்தால், அந்த நல்லெண்ணத்தை வேறு நல்ல வழியில் திருப்பிவிட முடியும். எனக்கு இந்தப் படிப்பின் பெரிய பயனாகத் தெரிவது இதுதான்.

ஆபத்து, தேவை என்று மட்டுமே பேசினால் ஆள் ஒரு பிரச்சினைப் பட்டியலாக ஆகிவிடுவான் என்று எதிர்ப்புக் குரலும் உண்டு. நியூசிலாந்தின் டோனி வார்டு, நல்வாழ்வு மாதிரி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லா மனிதரும் தேடுவதைத்தான் குற்றவாளியும் தேடுகிறான்: மரியாதை, சொந்தம், நிம்மதி, கையில் ஒரு தொழில். தேடும் வழிதான் தவறிப்போகிறது. அந்த நல்லவற்றுக்கு நேர்வழி காட்டு என்கிறார். ஷாட் மருனா போன்றவர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து கேட்டார்கள்: குற்றத்தை விட்டவர்கள் எப்படி விட்டார்கள்? அவர்களிடமே போய் வாழ்க்கைக் கதையைக் கேட்டபோது, விட்டவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதையே மாறியிருந்தது தெரிந்தது. "நான் அடிப்படையில் நல்லவன்தான், இனி என்னால் நாலு பேருக்கு உதவ முடியும்" என்ற கதை. அந்தக் கதையை நம்ப இன்னொருவர் வேண்டும். நம் பையனுக்கு அது ஆயாவாக இருக்கலாம், முருகன் கோயிலில் காவடிக்கு முன்னால் மேளம் அடிக்கக் கற்றுத்தந்த மாமாவாக இருக்கலாம்.

நான்கு வருடத்தில் பாதியை முடித்தபின் அவனைப் பரோலுக்குப் பரிசீலிக்கலாம். 24 மாதத்துக்கு மேற்பட்ட தண்டனை என்பதால் பரோல் வாரியம் முடிவு செய்யும். அதில் ஊர் மக்களிலிருந்து வரும் உறுப்பினர்களும் உட்காருவார்கள். பரோல் என்பது விடுதலை என்று பலர் நினைக்கிறார்கள். தண்டனையின் மீதியை வெளியே, நிபந்தனைகளோடு கழிப்பதுதான் பரோல். நிபந்தனையை மீறினால் திரும்ப உள்ளே.

அவன் எல்லாம் சரியாகச் செய்து வெளியே வந்தாலும் ஒரு சுவர் நிற்கும். இந்நாட்டுச் சட்டப்படி சில சிறிய குற்றப் பதிவுகளைப் பத்து வருடம் கழித்து அழிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் அபராதம் கட்டலாம் என்ற மாற்று இல்லாமல் நேரடியாகச் சிறைத் தண்டனை பெற்றவருக்கு அந்த வாய்ப்பு பொதுவாகக் கிடையாது. 22 வயதில் விழுந்த பதிவு 50 வயதிலும் வேலைக்கான விண்ணப்பத்தில் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலையின்மை ஒரு ஆபத்துக் காரணி என்று ஒரு பாடத்தில் படித்துவிட்டு, சட்டமே அந்த ஆபத்தை நீட்டித்து வைப்பதை அடுத்த பாடத்தில் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

பாதிக்கப்பட்டவர் எங்கே?

பக்கத்து வீட்டு டிவியை மறந்துவிடவில்லை. அந்த வீட்டு அக்காவின் பயம், கோபம், நட்டம், இவற்றுக்கும் பாடத்தில் இடம் உண்டு. மீட்பு நீதி என்பார்கள். குற்றத்தைச் சட்டமீறலாக மட்டும் பார்க்காமல், ஒரு மனிதருக்கு இன்னொருவர் செய்த காயமாகப் பார்த்து, காயத்தை ஆற்ற யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது. இங்கே இது உபுண்டு என்ற ஆப்பிரிக்க வாழ்நெறியோடு பின்னிப் பிணைந்தது. சீர்திருத்தத் துறை 2012-லிருந்து பாதிக்கப்பட்டவரும் குற்றம் செய்தவரும் நேருக்கு நேர் பேசும் சந்திப்புகளை நடத்துகிறது. 2008-ன் குழந்தைகள் நீதிச் சட்டம் சிறுவர்களை வழக்கிலிருந்து விலக்கி வேறு வழியில் திருப்பிவிட இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவரை இதற்கு யாரும் வற்புறுத்தக் கூடாது. "மன்னித்துவிடு அக்கா" என்று சொல்ல வைத்துப் படம் எடுத்துக்கொள்வது மீட்பு நீதி ஆகாது.

புத்தகத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள தூரம்

சட்டமும் ஆய்வும் இவ்வளவு அழகாக இருக்கின்றன. உள்ளே நிலைமை வேறு. தென்னாப்பிரிக்கச் சிறைகளில் ஒன்றரை லட்சம் பேருக்குமேல் இருக்கிறார்கள். இடமோ ஒரு லட்சத்துச் சில ஆயிரம் பேருக்குத்தான். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதி. கேப் டவுனின் போல்ஸ்மூர் விசாரணைச் சிறையில் நெரிசல் தாங்க முடியாமல் போய், அதைக் குறைக்கச் சொல்லி 2016-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு நான்கு வருடம் முன்பு, அதே போல்ஸ்மூரில் காசநோய் பிடித்த ஒருவரின் வழக்கில், அரசு பொறுப்பு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. 26, 27, 28 என்று எண்களால் அழைக்கப்படும் சிறைக் கும்பல்களின் வேர் நூறு வருடத்துக்கும் பழையது. அறுபது பேர் அடைந்து கிடக்கும் அறையில் இரவு கதவு பூட்டிய பிறகு யார் பேச்சு செல்லுபடியாகும் என்பதை வார்டர் தீர்மானிப்பதில்லை. ஊழல் வேறு. 2001-ல் அமைத்த, நீதிபதி ஜாலி தலைமையிலான ஆணையம் அதைப் பற்றி நிறையவே எழுதி வைத்திருக்கிறது.

இதையெல்லாம் படிக்காமல் மறுவாழ்வு பற்றி மட்டும் படித்தால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே மனம் உடைந்துவிடும். நல்ல பாடத்திட்டம் இரண்டையும் கொடுக்கும்.

எங்கே, எப்படிப் படிப்பது

தென்னாப்பிரிக்காவில் தொலைவழிப் படிப்பு என்றால் யூனிசாதான் முதலில் வரும். 1873-ல் தேர்வு நடத்தும் அமைப்பாகத் தொடங்கி, 1946-லிருந்து தபால் வழியாகப் பாடம் நடத்திய பல்கலைக்கழகம். ராபன் தீவுக் கைதிகள் பலர் அதில்தான் படித்தார்கள். மண்டேலா தன் சட்டப் பட்டத்தை 1989-ல், இன்னும் கைதியாக இருக்கும்போதே, யூனிசா வழியாக முடித்தார். அதன் சட்டக் கல்லூரியின் கீழ் குற்றவியல், சீர்திருத்த மேலாண்மை, காவல் பணி என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. எந்த வருடம் எந்தப் படிப்புக்குச் சேர்க்கை திறந்திருக்கிறது என்பதை அந்த வருட அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நேரக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேரப் படிப்பு. மூன்று வருடப் பட்டத்துக்கு 360 கிரெடிட், அதாவது 3600 மணி நேரம். வேலை முடிந்து வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்க முடிகிற ஒருவர், வருடத்தில் 40 வாரம் விடாமல் படித்தால் 600 மணி நேரம். அதாவது 60 கிரெடிட். 12 கிரெடிட் பாடங்கள் ஐந்து. அந்தக் கணக்கில் பட்டம் முடிய ஆறு வருடம். இது தோல்வி கிடையாது, வேலை பார்ப்பவரின் இயல்பான வேகம். பத்துப் பாடத்தை ஒரே வருடத்தில் எடுத்துவிட்டுத் திணறுவதைவிட ஐந்தை ஒழுங்காக முடிப்பது எவ்வளவோ மேல்.

பாடங்களைப் பொறுத்தவரை, தண்டனையின் வரலாறும் தத்துவமும், கைதி உரிமைகள், சிறை நிர்வாகம், மதிப்பீடு, மறுவாழ்வுத் திட்டங்கள், சமூகத்தில் நிறைவேற்றும் தண்டனை, பரோல், ஆய்வு முறை என்று போகும். ஆய்வு முறைப் பாடத்தைக் கண்டு பயந்து கடைசிக்குத் தள்ளாதீர்கள். மார்ட்டின்சன் கதையில் பார்த்தோமே, எண்களைத் தப்பாகப் படித்ததால் ஒரு தலைமுறையே பாதிக்கப்பட்டது.

இனி அமெரிக்க ஆன்லைன் பட்டங்கள். இணையத்தில் தேடினால் அவைதான் முதலில் வந்து நிற்கும். குற்றவியல் நீதி என்று பொதுப் பட்டம், அதற்குள் சீர்திருத்தம் ஒரு சிறப்புப் பிரிவு. அவர்கள் கிரெடிட் கணக்கே வேறு. 120 கிரெடிட்டில் பட்டம் முடிந்துவிடும். அதைப் பார்த்து "இங்கே 360, அங்கே 120 தானே" என்று ஏமாறக் கூடாது. அளக்கும் படிதான் வேறு, படிப்பு குறைவில்லை. வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே வேலைக்குக் காட்ட வேண்டுமென்றால் சாக்வா எனப்படும் தகுதி ஆணையத்திடம் மதிப்பீடு வாங்க வேண்டும்.

அதைவிட முக்கியம், பாடத்தில் வரும் அமைப்புகளே வேறு. அமெரிக்காவில் ப்ரொபேஷன் அதிகாரி என்றால் தண்டனைக் காலத்தில் ஆளைக் கண்காணிப்பவர். அங்கே சிறையில் இருப்பவர்களைவிடப் ப்ரொபேஷனில் இருப்பவர்கள் அதிகம். தென்னாப்பிரிக்காவில் ப்ரொபேஷன் அதிகாரி என்பவர் சமூக மேம்பாட்டுத் துறையைச் சேர்ந்த சமூகப் பணியாளர். தண்டனைக்கு முன் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது, சிறுவர்களை மதிப்பிடுவது அவர் வேலை. வீட்டுக்குள் வைத்துக் கண்காணிக்கும் தண்டனையைச் சீர்திருத்தத் துறையின் சமூகப் பிரிவு அலுவலர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். அமெரிக்கப் பாடத்தைப் படித்துவிட்டு இங்கே நேர்முகத் தேர்வுக்குப் போனால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கருத்துகளுக்கு அமெரிக்க, கனடியப் புத்தகங்கள் நல்லவை. சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இங்குள்ளதைத்தான் படிக்க வேண்டும். இந்நாட்டில் வேலை பார்க்கப் போகிறவருக்கு இந்நாட்டுப் பட்டமே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

என்ன வேலை கிடைக்கும்?

இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல விளம்பரங்கள் சொல்வதில்லை. இந்தப் பட்டம் மட்டும் இருந்தால் நீங்கள் சமூகப் பணியாளர் ஆக முடியாது. அதற்கு நான்கு வருடச் சமூகப்பணிப் பட்டமும் அதற்குரிய மன்றத்தில் பதிவும் வேண்டும். உளவியலாளர் ஆகவும் முடியாது. அதற்கு முதுகலைப் பட்டம், பயிற்சி, சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு எல்லாம் தேவை. கைதிகளோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசி உதவுவதுதான் உங்கள் ஆசை என்றால், முதலிலேயே அந்த வழியில் போவது நல்லது. நான்கு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டு வருந்த வேண்டியதில்லை.

சீர்திருத்த அலுவலராகச் சேர மெட்ரிக் முடித்தவர்களுக்குத் துறையே லேர்னர்ஷிப் என்ற பயிற்சி வழியை அறிவிக்கும். பட்டம் அங்கே உள்ளே நுழைந்தபின் மேலே ஏறவும், கைதிகளின் தண்டனைத் திட்டத்தைக் கையாளும் பணி, சமூகப் பிரிவுப் பணி போன்றவற்றுக்குப் போகவும் உதவும். துறைக்கு வெளியே, 1910-ல் தொடங்கிய நிக்ரோ போன்ற அமைப்புகள் விடுதலையானவர்களுக்கும், வழக்கிலிருந்து திருப்பிவிடப்பட்ட பிள்ளைகளுக்கும் திட்டங்கள் நடத்துகின்றன. சிறைகளைக் கண்காணிக்கும் நீதித்துறை ஆய்வு அமைப்பின் சார்பில் சிறைக்குப் போய்க் கைதிகளின் புகார்களைக் கேட்கும் வருகையாளர்களும் உண்டு.

ஆன்லைன் படிப்பின் ஒரே பெரிய குறை, ஆளைப் பார்க்காமல் ஆளைப் பற்றிப் படிப்பது. திரையில் "ஆபத்து அதிகம்" என்று வாசிப்பது வேறு. அந்த ஆள் உங்கள் எதிரில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு ஆன்ட்டி" என்று சொல்வது வேறு. அதனால் சேர்ந்த முதல் வருடத்திலேயே எங்காவது தொண்டு செய்யத் தொடங்குங்கள். போதை மீட்புக் குழு, கோயிலிலிருந்து சிறைக்குப் போய்ப் பிரார்த்தனை நடத்தும் குழு, சிறுவர்களுக்கான மாலை வகுப்பு, எதுவானாலும் சரி. சிறைக்குள் போவதாக இருந்தால் அனுமதி வாங்கி, சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். அங்குள்ளவர்களிடம் வாக்குறுதி கொடுத்தால் காப்பாற்றுங்கள். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். 1998-ன் சீர்திருத்தச் சேவைகள் சட்டம் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 2, 36, 38 ஆகிய மூன்று பிரிவுகளை மட்டும் ஒரு மாலைப் பொழுதில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மொழி கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். படித்து முடித்ததும் "இது நடக்கிறதா? நடக்கவில்லை என்றால் ஏன்?" என்று உங்களுக்குள் கேள்விகள் வந்தால் இந்தப் படிப்பு உங்களுக்குச் சரிப்படும், விண்ணப்பியுங்கள். கேள்வி எதுவும் வரவில்லை என்றால் வேறு துறையைப் பாருங்கள். பணமும் ஆறு வருடமும் மிச்சம்.